உறை பிரிக்காத ஏழாம் தொகுதி

என் நண்பன் இறந்துவிட்டான் என்ற செய்தி தொலைபேசியில் வந்தபோது என் மனத்தில் முதலில் தோன்றியது அவன் முகமன்று; அவன் வீட்டில் இருந்த ஏழாம் தொகுதி. அது இனி யாரிடம் போகும் என்பதே என் முதற் கேள்வி. இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. அவன் உயிரோடிருக்க நான் இறந்திருந்தால், என் அலுமாரியின் சாவி எங்கே என்றுதான் அவன் முதலில் விசாரித்திருப்பான். எங்கள் நட்பு அப்படிப்பட்டது. அதற்கு அழகான வேறொரு பெயர் சூட்டவும் எனக்குத் தெரியும். அப்படிச் சூட்டிச் சூட்டியே பேச்சுப் போட்டி மேடைகளில் கிண்ணங்கள் வாங்கியவன் நான். இங்கே எனக்கு நடுவர்கள் இல்லை.

ஏழாம் தொகுதி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய அனிமே சித்திரத் தொடர் ஒன்று ஏழு தொகுதிகளாக, லிமிட்டட் எடிஷன் டிவிடிகளாக வெளிவந்திருந்தது. ஒவ்வொரு தொகுதியும் ஒரு கெட்டி அட்டைப்பெட்டி. அதன் இடுப்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டி. உள்ளே டிவிடிகளும், அவற்றோடு சில இலவச இணைப்புகளும். அந்த இணைப்புகள்தான் எங்கள் உயிர். முதல் தொகுதியில் ஓவியர்களின் பென்சில் கோடுகளை அப்படியே அச்சிட்ட புத்தகம். மூன்றாவதில் கதை நடக்கும் நாட்டின் வரைபடம், துணியில். ஐந்தாவதில் விரல் நீளத்துக்கு ஒரு பொம்மை. ஏழாவதில், தொடரின் படச்சுருளிலிருந்தே வெட்டியெடுத்த ஒரு துண்டு. பிரதிக்குப் பிரதி வேறு துண்டு, வேறு காட்சி. வெளியுறையைப் பிரிக்கும்வரை உள்ளே எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அந்த டிவிடிகள் எங்கள் ஊர் பிளேயர்களில் ஓடமாட்டா. ஜப்பானுக்கென்று பூட்டப்பட்டவை அவை. ஓடினாலும் மொழி புரியாது. கதையை நாங்கள் ஏற்கெனவே தொலைபேசித் திரையில், திருட்டுப் பிரதியில், பலமுறை பார்த்து முடித்திருந்தோம். பிறகு எதற்கு இது என்று என் தந்தை கேட்டார். நகரத்துப் பாடசாலையொன்றில் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். பயனைக் கொண்டே எதையும் அளப்பவர். பயன்படும் பொருளை எல்லோரும் விரும்புகிறார்கள், பயன்படாத ஒன்றை விரும்புவதற்குத்தான் மனிதன் வேண்டும் என்று நான் பதில் சொன்னேன். அவர் செய்தித்தாளைப் புரட்டினார். வீட்டில் என் வாதங்கள் பெரும்பாலும் இவ்விதமே வென்றன.

தொகுதிகள் வந்த வழி என் நண்பனின் அக்கா. ஹட்டனில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய், பரீட்சையில் தேறி, ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் போனவர். விடுமுறை நாள்களில் பழைய பொருள் விற்கும் கடைகளுக்குப் போய்த் தம்பி கேட்டதைத் தேடியெடுத்து, பார்சலில் அனுப்புவார். அவன் ஹட்டன் நகரில் தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்தான். பெற்றோர் தேயிலைக் கொழுந்து பறிக்கும், கவ்வாத்து வெட்டும் தொழிலாளர்கள். வீடு நகரிலிருந்து சிறிது தூரத்துத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்றின் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. எனக்கு அக்கா இல்லை, ஜப்பானும் இல்லை. கொழும்பிலிருந்தும் இணையத்திலிருந்தும் நான் ஒவ்வொன்றாகச் சேர்த்த வேறு தொடர்களின் தொகுதிகள் இருந்தன. எண்ணிக்கையில் என் சேகரிப்புத்தான் பெரியது. அவன் அதைத்தான் குறிவைத்தான்.

"நாலாவது வேணுமா? அப்ப அந்தக் கறுப்புப் பெட்டியக் கொண்டா."

"அது முழுத் தொடர்டா. ஒரு தொகுதிக்கு ஒரு முழுத் தொடரா?"

"நீதானே பெரிய பேச்சாளரு. பேசி வாங்கிக்கயேன்."

கடையின் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்று நான் பேசினேன். கைமாற்றின் நியாயம், பொருளின் அருமை, நட்பின் கடப்பாடு என்று மூன்று பிரிவாகப் பேசினேன். தொலைபேசி திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவன் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, ஈயம் உருக்கும் ஊசியால் எதையோ தொட்டுக்கொண்டிருந்தான். நான் முடித்ததும் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

"நல்லா இருந்திச்சு மச்சான். கறுப்புப் பெட்டி."

கொடுத்தேன். முதல் தொகுதியிலிருந்து ஆறாம் தொகுதிவரை இப்படியே ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன. என்னிடமிருந்த மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாக அவனிடம் போயின. கடைசியில் என் அலுமாரியில் அந்த ஆறு மட்டுமே எஞ்சின.

ஒருநாள் அவன் காம்பராவுக்குப் போனபோது என் பழைய தொகுதிகளைக் கண்டேன். கட்டிலுக்கடியில், சிமெந்துத் தரையில், சுவரோடு ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. எங்கள் மலையில் பனிமூட்டம் சுவரின் வழியாகவே வீட்டுக்குள் வரும். பெட்டிகளின் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கறுப்புப் பெட்டி கறுப்பாக இல்லை.

"துடைச்சு மேல வைக்கக்கூடாதா?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் இதெல்லாம் புடிக்காதே."

"பிறகு ஏன்டா வாங்கினாய்?"

"உனக்குப் புடிக்கும்ல, அதான்."

ஏழாம் தொகுதி மட்டும் பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தது. அதை அவன் அரிசி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள், அரிசிக்கு நடுவே வைத்திருந்தான். ஈரம் பட்ட தொலைபேசிகளை உலர்த்த வாடிக்கையாளர்களுக்கு அவன் சொல்லும் உபாயம் அது. நான் போகும்போதெல்லாம் எடுத்து, அரிசியைத் தட்டிவிட்டு, காட்டுவான். தொடவிடமாட்டான். என்னிடம் கைமாற்ற இனி எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே உறையைப் பிரித்தாவது காட்டு, அந்தப் படத்துண்டில் எந்தக் காட்சி என்று ஒருமுறை பார்த்தால் போதும் என்றேன்.

"பிரிச்சா உனக்குத் தெரிஞ்சிருமே" என்றான். "தெரியாம நீ அலையிறதுதான் எனக்குப் படம்."

அவன் இரத்தத்தில் நோய் வந்தது அதற்கடுத்த மழைக்காலத்தில். கண்டியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனைப் பார்க்கப் போனேன். உதடு வெடித்திருந்தது. கண்கள் மட்டும் பழைய கண்கள்.

"வருவேன்னு தெரியும்" என்றான். "என்னப் பாக்க இல்ல."

"உன்னையும்தான்."

"ஓ, அந்த 'உம்' போதும்டா." சிரித்து, இருமி, தண்ணீர் கேட்டு, குடித்தான். "ஒரு விஷயம். நான் போனா அத என்னோட வச்சு அனுப்பச் சொல்லிட்டேன் அம்மாகிட்ட."

தோட்டங்களில் அப்படியொரு வழக்கம் இருக்கிறது. இறந்தவர் விரும்பிய பொருளை உடலோடு வைத்துப் புதைப்பார்கள். வெற்றிலைப் பை, பீடிக்கட்டு, குழந்தையானால் விளையாட்டுச் சாமான். நான் அதை அறிவேன். அறிந்தும், சாகக் கிடப்பவனிடம் வாதாடினேன். மண்ணுக்குள் அது நனையும், மக்கும், புழுக்கும். உலகத்தில் ஒரே ஒரு காட்சி, ஒருவரும் பாராமலே அழியும். அதில் உனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.

"உனக்குக் கிடைக்காது" என்றான். அவ்வளவு மெலிந்த குரலில் அவ்வளவு நிறைவாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

பக்கத்துக் கட்டில்காரர் எங்களை உயிர் நண்பர்கள் என்று நினைத்து ஒரு தோடம்பழத்தை எனக்கும் நீட்டினார்.

செய்தி வந்த அன்று நான் தோட்டத்துக்குப் போனபோது, லயத்துக்கு முன்னால் தறப்பாள் கட்டி, அதன்கீழ் சவப்பெட்டியைக் கிடத்தியிருந்தார்கள். தப்புப் பறையின் சத்தம் பாதையிலேயே கேட்டது. ஜப்பானிலிருந்து அக்காவால் வர முடியவில்லை; உறவுக்காரப் பெண்ணொருவர் தொலைபேசியை உயர்த்திப் பிடித்து அவருக்குத் தம்பியைக் காட்டிக்கொண்டிருந்தார். சவப்பெட்டியின் தலைமாட்டில் ஒரு வாங்குப் பலகை. அந்த வாங்கின் மேல், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், ஏழாம் தொகுதி. அதன் உறையில் ஓர் அரிசி ஒட்டியிருந்தது.

அவன் அப்பா என்னைக் கண்டதும் கையைப் பிடித்து லயத்தின் பின்பக்கம் அழைத்துப் போனார்.

"தம்பி, அவன் அம்மா ஒரு முடிவுக்கும் வரமாட்டேங்குறா. ஒரு நேரம், புள்ள வாய்விட்டுக் கேட்டது, போட்டுறணும்ங்கறா; மறு நேரம் யோசிக்கிறா. மக போன்ல வேணாம்மா, வேணாம்மாங்குது. எனக்கும் அதுதான் சரின்னு படுது. அவ்வளவு தூரத்துல இருந்து வந்த சாமான மண்ணுல போட்டு என்னங்க செய்ய? இங்க நம்ம தலைவரு உங்களப் பேசக் கூப்புடுவாரு. நீங்க பேசுனா அவ கேப்பா. எப்புடியாவது சொல்லித் தடுத்துருங்க. அப்பறம் அத நீங்களே எடுத்துட்டுப் போங்க."

இதைவிடத் தெளிவான தலைப்பு எந்தப் போட்டியிலும் எனக்குக் கொடுக்கப்பட்டதில்லை. சபை இருந்தது. ஒலிவாங்கி இருந்தது. மனம் மாற்ற வேண்டிய நடுவர் ஒரே ஒருவர். சவப்பெட்டியின் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டிருந்த அந்தத் தாய். பரிசு வாங்கின் மேல் இருந்தது. துயரம் எனக்கும் இருந்தது. ஆனால் அது வரிசையில் பின்னால் நின்றது.

என் முறையையும் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அவர்களைவிடச் சிறப்பாக எடுத்துச்சொல்வது என் வழக்கம். சபை முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட வேண்டும். அப்போது பேச்சை நிறுத்துவேன். நீண்ட நிறுத்தம், இருமல்கூட அடங்கும் நிறுத்தம். சபை அந்த மௌனத்தில் தவிக்கும்போது 'ஆனால்' என்று தொடங்கி, கட்டியதையெல்லாம் கவிழ்ப்பேன். மாகாணப் போட்டியில் நடுவர் ஒருவர் அந்த நிறுத்தத்துக்கே தனியாகப் புள்ளி போட்டதாகச் சொன்னார்.

தோட்டத்துத் தலைவர் ஒலிவாங்கியை வாங்கினார். "நம்ம தம்பியோட உசுருக் கூட்டாளி டவுன்ல இருந்து வந்துருக்காரு. பெரிய பேச்சாளரு. ரெண்டு வார்த்த பேசுவாரு." தப்பு நின்றது. அடித்தவர்கள் ஓரமாய்ப் போய்க் குந்தி, தப்புகளைத் தணலில் காய்ச்சத் தொடங்கினார்கள்.

கூட்டத்தில் இரண்டு பெண்கள் பேசுவது எனக்குக் கேட்டது.

"யாரு இந்தத் தம்பி?"

"போன் கடையில வந்து கத்திக்கிட்டு நிக்குமே, அதான்."

"ஐயோ, மொகத்தப் பாரேன், வெளுத்துப் போயிக் கெடக்கு. எம்புட்டுப் பாசம்!"

நான் பேசினேன். பொருளின்மேல் அன்பு வைப்பது எளிது, ஒரு பொருளுக்காகத் தன்னையே காவல் வைப்பது அரிது என்று தொடங்கினேன். ஒழுகும் கூரையின் கீழ், தன் தலை நனைந்தாலும் அதை நனையவிடாதவன் என்றேன். சோற்றுக்கு வைத்த அரிசியில் அதற்கு மெத்தை விரித்தவன் என்றேன். அக்கா கடல் கடந்து அனுப்பிய அன்பு அந்த உறைக்குள் இருக்கிறது என்று அவன் நம்பினான். அதனால்தான் பிரிக்கவில்லை என்றேன். தொலைபேசிக்குள்ளிருந்து அக்கா அலறி அழும் சத்தம் கேட்டது. ஏழில் ஒன்று குறைந்தாலும் அது முழுமையாகாது; அதுபோல, இது இல்லாமல் அவன் முழுமையாக மாட்டான் என்றேன். அவனையும் இதையும் பிரித்துப் பார்க்க யாரால் முடியும் என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். சபை முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இதைவிடச் சிறப்பாக அந்தப் பக்கத்தை நான் ஒருபோதும் பேசியதில்லை.

நிறுத்தினேன்.

சாவு வீட்டில் மௌனம் விழக்கூடாது என்பது தப்படிப்பவர்களின் முறை. பேசுபவர் நிறுத்தினால் அவர்கள் தொடங்க வேண்டும். ஒருவர் பேச்சுக்கும் அழுகைக்கும் நடுவில் வெறுமை விழவிடுவது அவர்கள் தொழிலுக்கு இழுக்கு. நகரத்தில் வளர்ந்த எனக்கு அது தெரியாது. எத்தனையோ மண்டபங்களில் என் நிறுத்தத்தைக் கேட்டு மூச்சையடக்கியவர்கள் இருந்தார்கள். அதை முடிவென்று எடுத்துக்கொண்டவர் ஒருவரும் இருந்ததில்லை. இங்கே காய்ச்சிய தப்புகள் அத்தனையும் ஒரே சமயத்தில் இடித்தன.

"ஆனால்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். ஒலிபெருக்கிக்காரர் அதற்குள் ஒலிவாங்கியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, நன்றாய்ப் பேசினீர்கள் என்பதுபோல் தோளில் தட்டினார்.

அவன் அம்மா எழுந்தார். அதுவரை எழுப்ப முடியாமல் இருந்தவரை என் பேச்சு எழுப்பியிருந்தது. வாங்கிலிருந்து ஏழாம் தொகுதியை எடுத்து, முந்தானையால் துடைத்து, நேராக என்னிடம் வந்து இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"எம்புள்ள மனச அப்புடியே தொறந்து காட்டிட்டீங்க தம்பி. இனி எனக்குச் சந்தேகமில்ல. ஒங்க கையாலயே வச்சுருங்க."

முதன்முதலாக அது என் கையில் இருந்தது. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். என்ன செய்துவிட்டீர்கள் என்ற பார்வை. அதற்கு விளக்கம் சொல்ல ஒலிவாங்கியும் இல்லை, இடமும் இல்லை. பின்னாலிருந்தவர்கள் முன்னால் தள்ளினார்கள். நான் சவப்பெட்டிக்குள் குனிந்து அவன் இடக்கைக்குள் அதை வைத்தேன். நழுவியது, விரல்களை மடக்கிப் பிடிக்க வைத்தேன். குளிர்ந்த அந்த விரல்கள் என்னிடம் அதைக் கொடுக்கவில்லை என்ற எண்ணம் வந்தது. உறை தறப்பாளின் நீல வெளிச்சத்தில் பளபளத்தது. மூடியைப் போட்டார்கள்.

நான் அழுதேன். சிறுபிள்ளைபோல, சத்தம் போட்டு அழுதேன். பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அழுவாதீங்க தம்பி, அழுவாதீங்க" என்று முதுகைத் தடவினார்கள். எதற்காக அழுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தேயிலை மலைக்கு நடுவிலிருந்த மயானம்வரை நானும் தோள் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் சாவு விழும்போதெல்லாம் எனக்கு அழைப்பு வந்தது. அன்றைக்கு மாதிரி உருக்கமாகப் பேச வேண்டும் என்றார்கள். நான் போகவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். துக்கத்துக்கு உடுத்த வெள்ளைச் சேலை, கையில் பெரிய பை. உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் வாசற்படியில் அடுக்கினார். என்னுடைய பழைய தொகுதிகள்.

"இதெல்லாம் ஒங்களுதுன்னு மக சொன்னா. பூஞ்சணமா இருந்துச்சு. நல்லாக் கழுவிட்டேன்."

உண்மையாகவே கழுவியிருந்தார். சவர்க்காரம் போட்டு, தேய்த்து, அடுப்புக்கு மேலே காய வைத்திருந்தார். பெட்டிகள் ஊதி, புத்தகங்கள் பலகைபோல் ஒட்டி, படங்களின் நிறம் ஒன்றில் ஒன்று கரைந்திருந்தது. எல்லாவற்றிலும் புகை மணம். டிவிடிகள் மட்டும் சுத்தமாக இருந்தன. கறுப்புப் பெட்டியைக் கையிலெடுத்தேன். அதன் மூடி கையோடு வந்தது.

"இத நீங்க வச்சுக்கங்க தம்பி. அந்த ஆறையும் எனக்குக் குடுங்க."

"எதற்கம்மா?"

"புள்ளைக்கி ஒன்னுதானே வச்சு அனுப்புனோம். மத்தது இல்லாம அவன் என்ன செய்வான்? நீங்கதானே சொன்னீங்க, ஒன்னு கொறஞ்சாலும் முழுசு இல்லன்னு. குழிக்கிப் பக்கத்துல தோண்டி வச்சிருவோம்னு நெனச்சேன்."

"அம்மா, அன்று நான் பாதிதான் பேசினேன்."

"மிச்சம் இருந்திச்சா?"

"இருந்தது."

"பேசுங்க, கேக்குறேன்."

வாசலில் நின்று பேசினேன். ஆயத்தம் செய்த சொற்கள் அத்தனையும் அப்படியே நினைவில் இருந்தன. மண் எதையும் நினைவில் வைத்திருக்காது, மனிதர்தான் வைத்திருப்பார்கள் என்றேன். மகன் விரும்பியதை மகனை அறிந்தவர் கண்ணெதிரில் வைத்திருப்பதே அவனை வைத்திருப்பது என்றேன். அவர் தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் அன்றைய வேலையைக் கேட்டு நிற்பவர்போலக் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல் தவறாமல் கேட்டார்.

"நல்ல பேச்சு தம்பி" என்றார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா குடுத்துருப்பேன்."

கழன்று வந்த மூடியைக் கறுப்புப் பெட்டியில் மறுபடி பொருத்தப் பார்த்தேன்.

"அப்ப அந்த ஆறு?"

"தரமாட்டேன்" என்றேன். காரணம் எதுவும் சேர்க்கவில்லை.

அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து ஒரு படி இறங்கினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியிலயே சொன்னான் தம்பி. நான் போனதுக்கு அப்பறம் அந்த ஆறையும் போயிக் கேளுங்கம்மா, குடுக்கமாட்டான், அவன் மூஞ்சி போற போக்க மட்டும் ஒரு தடவ பாத்துட்டு வாங்கன்னான். நான்தான், ச்சீ, அந்தப் புள்ள அப்புடி இல்லடான்னு திட்டுனேன்."

காலி பையை மடித்து இடுக்கிக்கொண்டார். தெரு முனை திரும்பும்வரை அவர் சிரிப்பது கேட்டது. புகை மணத்தோடு என் தொகுதிகள் வாசற்படியில் கிடந்தன. அவற்றை உள்ளே எடுத்துவைக்க என் தந்தைதான் வந்தார்.